வெயில் காலத்தில் என்ன பின்னுகிறீர்கள்? (என் சட்டை 8 செ.மீ. வளர்ந்த சோகத்தோடு)

மாடிப்படி | திங்கள், காலை 11:10

வெயில் ஏறியதும் எங்கள் வீட்டில் முதலில் ஒதுங்குவது கம்பளிதான். அப்பாவுக்காகப் பாதி பின்னிய ஸ்வெட்டரை மடியில் போட்டால், காய்ச்சல் வந்த பூனை படுத்திருப்பது மாதிரி இருக்கிறது. சரி, அதைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பருத்தி நூலில் எனக்கே ஒரு கையில்லாத மேல்சட்டை பின்னலாம் என்று ஆரம்பித்தேன். 4 மி.மீ. வட்ட ஊசி, கீழிருந்து மேலாக.

மகளுக்கு விடுமுறை. அதனால் உட்கார்ந்து பின்னுவது என்பதே கிடையாது. துணி காயப்போட்டுவிட்டு வந்து நாலு வரிசை, மதியம் வீடு தூங்கும்போது பத்து வரிசை, "அம்மா, இங்கே வந்து பாரேன்" என்று கூப்பிட்டால் பாதிக் கண்ணியில் ஊசியைப் போட்டுவிட்டு ஓட்டம். இப்படியே ஐந்து வாரம். போன சனிக்கிழமை முடித்துப் போட்டுப் பார்த்தால் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் அன்று மாலையே அலசிக் கொடியில் தொங்கவிட்டேன். (தெரியும், தெரியும். திட்ட வருபவர்கள் வரிசையில் வரவும்.)

காலையில் தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை 60 செ.மீ. துவைக்கும் முன் 52 இருந்தது. கைத்திறப்பு விலாவைப் பார்த்து இறங்கிவிட்டது. அத்தை பார்த்துவிட்டு "நைட்டியா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

இரண்டு கேள்வி. இதைக் காப்பாற்ற வழி உண்டா? நீங்களெல்லாம் வெயிலில் என்ன பின்னுகிறீர்கள், வீட்டு வேலைக்கு நடுவே எப்போது பின்னுகிறீர்கள்?

பாதிஸ்வெட்டர் | திங்கள், காலை 11:42

ஒன்றை முடித்திருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் பெயரைப் பாருங்கள், காரணம் இல்லாமல் வைக்கவில்லை. இப்போதைக்கு என் வீட்டில் ஒற்றைக் காலுறை மூன்று இருக்கிறது, மூன்றும் வேறு வேறு நிறம். ஜோடி சேர்ந்தது ஒன்றுமில்லை.

முப்பிரி | திங்கள், பிற்பகல் 1:05

என்ன நூல், எத்தனை பிரி (சேர்த்து முறுக்கிய இழை)? அளவு பார்க்க மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால், அதைத் துவைத்தீர்களா? சட்டையின் எடை எவ்வளவு?

மாடிப்படி | திங்கள், பிற்பகல் 1:30

அண்ணா, பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மூன்று பிரி, பளபளப்பான மெர்சரைஸ்டு பருத்தி. மாதிரித் துண்டு பின்னினேன், சத்தியமாக. மேசைமேல் வைத்து அளந்தேன்: 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை. துவைக்கவில்லை. சமையலறைத் தராசில் சட்டை 270 கிராம். இப்போது வரிசை எண்ணினால் அதே 10 செ.மீ.யில் 26தான் வருகிறது.

முப்பிரி | திங்கள், பிற்பகல் 2:20

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். நீங்கள் பின்னியது 156 வரிசை. 10 செ.மீ.க்கு 30 என்றால் 52 செ.மீ. அதே 156, 26 வீதம் என்றால் சரியாக 60 செ.மீ. ஒரு கண்ணிகூடக் கூடவில்லை, ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் நெட்டி முறித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கம்பளி இழை இயற்கையிலேயே நெளிநெளியாக இருக்கும். இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்கும். நாம் பின்னும்போது விடும் சின்னத் தளர்ச்சியை எல்லாம் அது மன்னித்துவிடும். பருத்திக்கு அந்தச் சுருள்வில் குணம் இல்லை. கண்ணி ஒருமுறை நீண்டுவிட்டால் அதைத் திரும்ப இழுக்க உள்ளே எதுவும் இல்லை. போதாக்குறைக்குக் கனம் வேறு. உங்கள் மாதிரித் துண்டு ஆறேழு கிராம் இருந்திருக்கும். மேசையில் படுத்திருந்த ஆறு கிராமை நம்பி, தோளில் தொங்கப்போகும் 270 கிராமுக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நனைந்தபோது தண்ணீரின் எடையும் சேர்ந்து இழுத்திருக்கும்.

மெர்சரைஸ்டு நூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் அது "நீளாத பருத்தி" என்று நினைக்கிறார்கள். 1844இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் போட்டுப் பார்த்ததில் தொடங்கியது இது. நாடா மாதிரித் தட்டையாக இருக்கும் இழை உப்பி உருண்டையாகிறது, சாயத்தை நன்றாகப் பிடிக்கிறது, வலுவும் கூடுகிறது. ஆனால் அப்போது மினுமினுப்பு வரவில்லை. நூல் சுருங்காதபடி இழுத்துப் பிடித்துக்கொண்டே அதைச் செய்தால் பளபளப்பு வரும் என்று ஹொரேஸ் லோ கண்டுபிடிக்க 1890 வாக்கில் ஆகிவிட்டது. ஆக, வலு உண்டு, அழகு உண்டு. மீள்தன்மை மட்டும் அதில் கூடவில்லை. வழவழப்பாக இருப்பதால் கண்ணிக்குள் நூல் இன்னும் சுலபமாக நகரும்.

நூலைப் போல சேலை என்று சும்மாவா சொன்னார்கள்.

தூக்கம்வராதவன் | திங்கள், இரவு 11:50

சூடான டிரையரில் ஒரு சுற்று விட்டால் சுருங்கிவிடாதா? என் சட்டைகளெல்லாம் அப்படித்தான் தம்பிக்குப் போயின.

முப்பிரி | செவ்வாய், காலை 7:15

சுருங்கும். முழுக்கப் பழைய அளவுக்கு வராவிட்டாலும் கொஞ்சம் வரும். ஆனால் போட்டுக்கொண்டு அரை நாள் நடமாடினால் மறுபடி இறங்கும். காலையில் சட்டை, மாலையில் அத்தை சொன்ன நைட்டி. அது பரவாயில்லை என்றால் செய்யலாம்.

ஊசிக்காது | செவ்வாய், காலை 9:40

மாடிப்படி, கவலைப்படாதே அம்மா. கீழே 8 செ.மீ. அதிகம், அவ்வளவுதானே? வெட்டிவிடு.

பதறாதே, கத்திரிக்கோலைப் போட்டு நறுக்கச் சொல்லவில்லை. எங்கே முடிய வேண்டுமோ அந்த வரிசைக்கு ஒரு மெல்லிய ஊசியைக் கொடுத்து எல்லாக் கண்ணியையும் எடுத்துக்கொள், ஒவ்வொரு கண்ணியிலும் வலது காலை மட்டும். அதற்குக் கீழே ஒரு வரிசை தள்ளி, நடுவில் ஒரே ஒரு கண்ணியை மட்டும் வெட்டு. வெட்டிய நூல் முனையை வரிசை நெடுக உருவிக்கொண்டே போ. கீழ்ப்பாகம் தனியாக வந்துவிடும். மேல் பாகம் ஊசியில் பத்திரமாக நிற்கும். அதிலிருந்து கீழ்நோக்கி ரிப் (வரிவரியான ஓரப் பின்னல்) பின்னி மூடிவிடலாம். கண்ணிகள் அரைக் கண்ணி அளவு பக்கவாட்டில் நகர்ந்திருக்கும், சாதாரண நிட் (நேர்க் கண்ணி) பரப்பில் அது கண்ணுக்கே தெரியாது. பூ வேலைப்பாடு, கேபிள் (சடை மாதிரி முறுக்கு) எல்லாம் இருந்தால்தான் வம்பு.

பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்வெட்டரை இப்படித்தான் மூன்று முறை நீட்டினேன். அவன் வளர வளர அதுவும் வளர்ந்தது. உனக்குச் சுருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இடதுகைக்காரி | செவ்வாய், காலை 10:25

அம்மா சொல்வது அருமையான வைத்தியம்தான், ஆனால் வியாதி இதுவா என்று பார்க்க வேண்டும். சட்டை கீழே மட்டும் நீளவில்லை, எல்லா இடத்திலும் நீண்டிருக்கிறது. மாடிப்படி அக்கா, கைத்திறப்புக்கு எத்தனை வரிசை பின்னினீர்கள்?

மாடிப்படி | செவ்வாய், காலை 10:31

60.

இடதுகைக்காரி | செவ்வாய், காலை 10:44

அப்படியானால் 20 செ.மீ. நினைத்த இடத்தில் இப்போது 23. கழுத்தும் அதே கதைதான். கீழே எவ்வளவு வெட்டினாலும் கைத்திறப்பு மேலே ஏறாது. உள்சட்டை தெரியும், இல்லையென்றால் நாள் முழுக்கக் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இதற்கு ஒரே வழிதான். அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன்.

பாதிஸ்வெட்டர் | செவ்வாய், காலை 10:46

பிரி.

மாடிப்படி | செவ்வாய், காலை 10:50

ஐந்து வாரம்!

ஊசிக்காது | செவ்வாய், காலை 11:30

இடதுகைக்காரி சொல்வது சரி. நான் நீளத்தை மட்டும்தான் பார்த்தேன். கைத்திறப்பு 3 செ.மீ. இறங்கினால் அது சட்டையே இல்லை.

புதுநூல் | செவ்வாய், பிற்பகல் 3:12

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பின்னக் கற்றுக்கொண்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. நிட் தெரியும், பர்ல் (மறுபக்கக் கண்ணி) கொஞ்சம் தடுமாறும். இதையெல்லாம் படித்தால் பருத்தி நூலைத் தொடவே பயமாக இருக்கிறது. நீண்டாலும் பாதகமில்லாத வெயில் காலப் பொருள் ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று, ஸ்டிட்ச் என்பதைச் சிலர் கண்ணி என்கிறீர்கள், சிலர் தையல் என்கிறார்கள். எது சரி?

ஊசிக்காது | செவ்வாய், மாலை 4:00

வா கண்ணு. பாத்திரம் துடைக்கும் துணி பின்னு. அது நீண்டால் யாரும் அளக்கப் போவதில்லை. பருத்தி இழைக்கு ஒரு நல்ல குணம், நனைந்தால் வலு கூடும். கம்பளி நனைந்தால் வலு குறையும். விஸ்கோஸ் இன்னும் மோசம். அதனால் தண்ணீரில் புழங்கும் எதற்கும் பருத்திதான்.

பர்லே வேண்டாம். 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட். அடுத்து ஒவ்வொரு வரிசையிலும் 2 நிட், நூலை ஊசிமேல் ஒரு சுற்று, மீதி எல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், மூலைவிட்டமாக முக்கோணம் விரியும். 44 கண்ணி வந்ததும் திருப்பம்: 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, நூல் சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒன்று, மீதி நிட். வரிசைக்கு ஒன்று குறைந்து 4இல் வந்து நிற்கும். மூடிவிடு. சதுரத் துணி, நாலு பக்கமும் ஓட்டை ஓட்டையாக அழகான ஓரம். 44 கணக்கெல்லாம் வேதவாக்கு இல்லை. பாதி நூல் தீர்வதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பினால் போதும்.

கண்ணியா தையலா என்றால், ஊசியில் நிற்பது வளையம், வளையத்துக்குக் கண்ணி என்று பெயர் இருக்கிறது. தையல் என்றால் எனக்குத் துணியும் தையல் மிஷினும்தான் நினைவுக்கு வருகிறது.

பாதிஸ்வெட்டர் | செவ்வாய், மாலை 4:20

வலைக்கும் கண்ணி என்று பெயர் உண்டு. மாட்டிக்கொண்டது நாம்.

தூக்கம்வராதவன் | புதன், அதிகாலை 2:35

மாடிப்படி கேட்ட இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை, எப்போது பின்னுகிறீர்கள் என்று. நான் இரவுப் பணி. அழைப்பு வந்தால் எடுக்க வேண்டும், வராவிட்டால் விழித்திருக்க வேண்டும், அதுதான் வேலை. அந்த விழித்திருப்பதற்குத்தான் பின்னல். வீட்டில் பகலில் எல்லோரும் நடமாடும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன் என்பதால், என் மனைவி என் காலுறைகளைப் பார்த்துத்தான் எந்த வாரம் அழைப்பு குறைவு என்று கண்டுபிடிக்கிறாள்.

வெயில் காலத்தில் உலோக ஊசியை மாற்றிவிடுவேன். வியர்த்த விரலில் அது வழுக்குகிறது, என்னுடையதில் பூச்சு கறுத்தும் போய்விட்டது. மூங்கில் ஊசி கையில் நிற்கும். சத்தமும் வராது. ஆனால் பருத்தி நூலுக்கு மூங்கில் கொஞ்சம் பிடிக்கும், சீக்கிரம் நகராது. அவசரக்காரர்களுக்கு எரிச்சல் வரும்.

எல்லா வரிசையும் நிட்டாகவே வரும் பின்னல் என்றால் மின்சாரம் போனாலும் நிற்க வேண்டியதில்லை. விரல் தடவியே போகலாம். ஒருமுறை அப்படி ஒரு மணி நேரம் பின்னினேன், வெளிச்சம் வந்ததும் பார்த்தால் ஒரு கண்ணிகூட நழுவவில்லை. ஆனால் நடுவில் சட்டைப் பையில் இருந்த கைபேசி ஒயரையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றியிருந்தேன்.

இடதுகைக்காரி | புதன், காலை 8:50

ஹா ஹா. ஒயரோடு போட்டுக்கொள்ள வேண்டியதுதானே.

எனக்குக் காலை ஐந்தரை முதல் ஆறே கால் வரை. வீடு எழுந்துகொள்ளும் முன். அந்த நேரத்தில் மட்டும்தான் எண்ண வேண்டிய வேலை. லேஸ் வரிசைகள், குறைத்தல் எல்லாம் அப்போதே முடித்துவிடுவேன். மற்ற நேரத்துக்கு எண்ணத் தேவையில்லாத வேறொரு பின்னல் தனியாகப் பையில் இருக்கும். மாமியாரோடு போனில் பேசிக்கொண்டே லேஸ் பின்னி, "சரி அத்தை, ஒன்று, சரி அத்தை, இரண்டு" என்று அவரிடமே எண்ணிய பிறகு வந்த ஞானம் இது.

வரிசைக் கணக்குக்கு இரண்டு சின்ன டப்பா, பழைய சட்டைப் பொத்தான்கள். ஒரு வரிசை முடிந்தால் ஒரு பொத்தான் இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு. யார் கூப்பிட்டாலும் எழுந்து போகலாம். டப்பாவைப் பூனையோ குழந்தையோ கவிழ்க்காத வரை பிழையே வராது.

பாதிஸ்வெட்டர் | புதன், காலை 9:30

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். வெயில் என்றதும் எல்லோரும் கம்பளியைக் கைவிடுவது ஏன்? மடியில் கிடக்கும் பெரிய ஸ்வெட்டர்தான் பிரச்சினை, கம்பளி அல்ல. காலுறை பின்னினால் உள்ளங்கை அகலம்தான், மடியைத் தொடவே தொடாது. மெல்லிய கம்பளிக் காலுறை வெயிலிலும் போட நன்றாகவே இருக்கும். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. பருத்திக் காலுறை வியர்வையில் நனைந்தால் நனைந்ததுதான், செருப்பு உரசிக் கொப்புளம்.

இதையெல்லாம் ஒற்றைக் காலுறைக்காரன் சொல்கிறேன் என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

முப்பிரி | புதன், காலை 10:15

ஈரத்தைப் பற்றிச் சொன்னது சரிதான். நூலில் கொஞ்சம் நைலான் கலந்திருந்தால் குதிகாலும் சீக்கிரம் தேயாது. ஆனால் வியர்த்த விரலில் கம்பளி உரசிக்கொண்டு போவது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒத்துக்கொள்ளாது.

மாடிப்படி | புதன், பிற்பகல் 3:40

இரண்டு நாளாகச் சட்டையை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இன்று மதியம் மகள்தான் முடிவு கட்டினாள். "நான் இழுக்கட்டுமா?" என்றாள். தோள் தையலைப் பிரித்து, மூடிய விளிம்பின் முனையை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், அது இவ்வளவு சத்தம் போடும் என்று நினைக்கவில்லை. கம்பளி பிரியும்போது முனகும், இது தட்தட்தட் என்று பட்டாணி கொட்டுகிற மாதிரிப் பிரிந்தது. அவள் கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நூலோடு ஓட, நான் நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே இருந்தேன். கழுத்து போனது. கைத்திறப்பு போனது. அந்த இடத்தில் ஒரு வரிசையில் என் நரைமுடி ஒன்று சேர்ந்து பின்னப்பட்டிருந்தது. ஐந்து வாரம் எடுத்தது, பிரிக்க நாற்பது நிமிடம். அத்தை தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நைட்டி வேண்டாம் என்று முடிவாகிவிட்டதா?" என்றார். இந்த முறை கிண்டல்தான்.

இப்போது நாற்காலியில் சுருள்சுருளாக நூல். இப்படியே பின்னலாமா?

ஊசிக்காது | புதன், மாலை 4:15

கூடாது. சுருளோடு பின்னினால் கண்ணி ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும், துவைத்தால் அளவு மறுபடி மாறும். நாற்காலியிலிருந்து கழற்றும் முன்பே சிட்டத்தை நாலு இடத்தில் வேறு நூலால் தளர்வாகக் கட்டு. இறுக்கிக் கட்டினால் அந்த இடம் நனையாது. நூலைப் பாதிப் பாதியாகப் பிரித்து எட்டு மாதிரி கட்டினால் சிக்கு விழாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறப்போடு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கு. பிறகு கொடியில் போட்டு அடியில் லேசாக ஏதாவது கனம் தொங்கவிடு. காய்ந்ததும் நீளமாக, சாதுவாக இருக்கும். நூல் கட்டாயம் முழுக்கக் காய வேண்டும், அவசரப்படாதே.

முப்பிரி | புதன், மாலை 5:00

அடுத்த முறைக்கு: ஊசியைக் குறைத்து 3.5 மி.மீ. எடுங்கள், துணி அடர்த்தியானால் கண்ணிக்கு நகர இடம் குறையும். மாதிரித் துண்டு 10 செ.மீ. போதாது, 15க்கு மேல் பின்னுங்கள். துவைத்து, மேல் விளிம்பில் கவ்வி போட்டுத் தொங்கவிடுங்கள். கீழ் விளிம்பில் இன்னும் சில கவ்விகள், சட்டையின் எடைக்குப் பதிலாக. இரண்டு நாள் தொங்கட்டும், அதன் பிறகு வரும் எண்ணே உங்கள் எண். தோளை ஊசியிலேயே சேர்த்து மூடாமல் தனித்தனியாக மூடித் தைத்துவிடுங்கள், பின்புறம் ஒரு மெல்லிய நாடா வைத்துத் தைத்தால் இன்னும் நல்லது. மொத்தக் கனமும் அந்த இரண்டு சாண் தோளில்தான் தொங்குகிறது.

துவைத்த பிறகு கொடி வேண்டாம். துவாலையின் மேல் படுக்கப்போடுங்கள். இதுதான் எல்லோரும் திட்ட வரிசையில் நின்றது, நான் கடைசியில் வந்து சொல்லிவிட்டேன்.

இடதுகைக்காரி | புதன், இரவு 8:05

பெட்டியில் வைத்த அப்பாவின் ஸ்வெட்டரைத் துவைத்துத்தானே வைத்தீர்கள்? கேட்டே ஆக வேண்டும், எனக்கு நடந்தது. போன முறை திறந்தபோது முன்பக்கம் ஜல்லடை.

மாடிப்படி | புதன், இரவு 8:20

பாதி பின்னியதை யார் துவைப்பார்கள்! ஊசியோடு அப்படியே வைத்தேன்.

இடதுகைக்காரி | புதன், இரவு 8:48

நாளைக்கே எடுங்கள். பறக்கும் பூச்சி கம்பளியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. அதுவும் வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு பட்ட கம்பளி என்றால் விருந்து. நீங்கள் மாதக்கணக்கில் கையில் வைத்துப் பின்னியது, கை படாத இடமே இருக்காது. கண்ணிகளை ஒரு நூலுக்கு மாற்றிவிட்டு மெதுவாக அலசிக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் பையோடு உறைபெட்டியில், கழித்தல் 18 டிகிரியில், இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் கம்பளியில் ஈரம் கோக்காது.

நாப்தலின் உருண்டை வீட்டில் குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம், மிட்டாய் மாதிரி இருக்கும். ஜி6பிடி குறைபாடு (பரம்பரையாக வரும் ஒரு நொதிக் குறைபாடு) இருக்கும் குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும்.

தூக்கம்வராதவன் | வியாழன், அதிகாலை 3:10

உறைபெட்டியில் ஸ்வெட்டர் வைத்தது பற்றி வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடவும். எங்கள் வீட்டில் சொல்லவில்லை. பாதி இரவில் ஐஸ் தேடிய என் தம்பி, கறுப்புப் பையில் மென்மையாக ஏதோ கையில் பட்டதும் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

புதுநூல் | வெள்ளி, பிற்பகல் 12:30

அம்மா, பாத்திரத் துணி முடித்துவிட்டேன்! 44 என்று எண்ணி 46இல் திரும்பிவிட்டேன் போல, இறங்கும்போது ஒரு பக்கம் நூல் சுற்று மறந்து ஓரத்தில் இரண்டு ஓட்டை காணவில்லை. சதுரமும் இல்லை, காற்றாடி மாதிரி ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. ஆனால் தண்ணீரை நன்றாகக் குடிக்கிறது. வீட்டில் அப்பா அதை எடுத்துக் கண்ணாடி துடைத்துவிட்டு அவர் மேசைக்கே கொண்டு போய்விட்டார். இன்னொன்று ஆரம்பித்திருக்கிறேன்.

ஊசிக்காது | வெள்ளி, பிற்பகல் 1:10

எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றால் அதைவிடச் சான்றிதழ் எது? சரிந்திருப்பதை ஈரத்தோடு இழுத்துச் சதுரமாக்கிப் படுக்கப்போட்டால் பாதி சரியாகும். மீதியை அப்பா கவனிக்க மாட்டார்.

மாடிப்படி | ஞாயிறு, மாலை 6:25

நிலவரம். நூல் காய இரண்டு நாள் ஆனது. 3.5 ஊசியில் மாதிரித் துண்டு, 16 செ.மீ. சதுரம், துவைத்துக் கவ்விகளோடு தொங்கவிட்டேன். இடம் தேடியதில் மகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைக்கும் கதவு நிலைதான் கிடைத்தது. அவள் தினமும் காலையில் தானும் நின்று அளந்துவிட்டு, துண்டின் கீழ் விளிம்புக்கும் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுகிறாள். முதல் நாள் 5 மி.மீ. இறங்கியது. அதன் பிறகு இறங்கவில்லை. அவளும் வளரவில்லை, அதில் அவளுக்கு வருத்தம்.

புது எண்: 24 கண்ணி, 29 வரிசை. சுற்றளவு 90க்கு 216 கண்ணி, முன்பு 198 இருந்தது. நீளம் 52க்கு 151 வரிசை, கைத்திறப்புக்கு 58. ஒரு கண்டு நூல் மிச்சம் இருந்ததால் தைரியமாக ஆரம்பித்துவிட்டேன்.

அப்பாவின் ஸ்வெட்டரையும் எடுத்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. அலசி, பையில் போட்டு, உறைபெட்டியின் மேல்தட்டில் வைத்து, வெளியே "ஸ்வெட்டர், பயப்பட வேண்டாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

முப்பிரி | ஞாயிறு, மாலை 6:50

வட்டமாகச் சேர்க்கும் முன் ஏற்றிய கண்ணிகள் ஊசியில் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்தீர்களா?

மாடிப்படி | ஞாயிறு, மாலை 6:58

இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

மாடிப்படி | ஞாயிறு, இரவு 7:15

மூன்று வரிசைதான் ஆகியிருந்தது. மகளைக் கூப்பிட்டிருக்கிறேன், இழுப்பதற்கு.